இடமிருந்து மூன்றாவது ஆள்

கனமான புத்தகம் அடுக்குகிற அலமாரிக்கு நடுவில் ஒரு முட்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வருஷத்தில் பலகை தொட்டில் மாதிரித் தொங்கிவிடும். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது. பாலத்தையே உடைத்த மனிதருக்கு முப்பத்திரண்டு வருஷமாக ஒரு பலகைக்கு முட்டு கொடுக்க நேரமில்லை.

நீங்கள் மடியில் வைத்திருப்பது ஏழாம் தொகுதி. காலில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆளைக் கொல்லுகிற கனம் என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வோம்.

பெரும்போரின் வரலாறு, படங்களோடு, பன்னிரண்டு தொகுதிகள். படப்பிரிவு என் பொறுப்பு. கட்டுரை எழுதிய பேராசிரியர்கள் அட்டையில் பெயர் போட்டுக்கொண்டார்கள். கட்டுரையை யார் வாசித்தது? வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், படத்துக்குக் கீழே இருக்கிற வரியைப் பார்ப்பார்கள், கொட்டாவி விட்டு மூடிவிடுவார்கள். அந்த வரி நான் எழுதியது. போர் எப்படி நடந்தது என்று பாதி நாடு என்னிடம்தான் தெரிந்துகொண்டது.

எங்கள் ஆசிரியருக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்திருந்தோம். எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித் திருப்பித் தருவார். படத்துக்குக் கீழே ‘பெயர் தெரியாதவர்’ என்று கண்டால் மட்டும் அவருக்கு ரத்தம் கொதிக்கும். “பேர் தெரியலன்னு சொல்றதுக்கு நாம எதுக்கு? அதான் புஸ்தகம் வாங்குறவனுக்கே தெரியாதே” என்பார். ஆனால் ஒரு முகத்துக்குப் பெயர் போட இரண்டு கையெழுத்து வேண்டும். நேரில் இருந்தவர் ஒருவர், ஆளை அடையாளம் தெரிந்தவர் ஒருவர்; செத்துப்போன ஆளென்றால் ரத்த உறவில் இரண்டு பேர். அதுதான் விதி. விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போரில் உருளைக்கிழங்கு உரித்தார். அதில் ஒன்றும் கேவலமில்லை, யாராவது உரிக்கத்தானே வேண்டும். பாலத்திலிருந்து இருநூறு மைல் தள்ளி ஒரு கிடங்கு, அதன் சமையல்கட்டுக்குப் பின்பக்கம். ஆனால் கல்யாணமான மறுவாரமே அவர் பேச்சில் பாலத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார். எதிரி நெருங்குகிறான், காற்று வீசுகிறது, திரியைப் பற்றவைக்கக் கையில் மூன்றே தீக்குச்சி. மகள் பிறந்தபோது அது ஒரே தீக்குச்சியாகிவிட்டது. மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் சொன்னார். பெற்ற தாய் செத்த வீட்டில் சொன்னார். பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொன்னார்.

உருளைக்கிழங்கு விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். படைக்குச் சோறு போட்டவர்களைப் பற்றிய ஐந்தாம் தொகுதிக்குப் படம் பொறுக்கினேன். ஒரு படத்தில் அவர் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கையில் கத்தி, முழங்கால் உயரத்துக்குக் கிழங்கு, பின்னால் கரும்பலகையில் தேதி. பாலம் உடைந்த அதே தேதி. ஒரு பிரிண்ட் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மூச்சு விடவில்லை. பொம்பளைக்குக் கையிருப்பாக ஏதாவது இருக்க வேண்டும்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் அதே போருக்குப் போனான், பத்தொன்பது வயசு. முகாமில் வயிற்றுப்போக்கு வந்து நாலு நாளில் முடிந்துபோனான். ஒருநாள் சாப்பிடும்போது அம்மா அவன் பேச்சை எடுத்தாள். வீட்டுக்காரர் உப்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே, “போருக்குப் போனா குண்டடி பட்டுச் சாகணும் அத்தை. உங்க பையன் பேதியாகிச் செத்தான். அதுல என்ன வீரம்?” என்றார். அம்மா மிச்சத்தையும் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஏதோ செவ்வாய்க்கிழமைப் பேச்சு, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. ஏதோ பண்ணைவீட்டுப் பரணில் கிடந்த பிலிம் சுருள். கழுவிப் பார்த்தால் அந்தப் பாலம். அதுவரை எல்லாப் புத்தகத்திலும் பாலத்தை உடைத்தவர்கள் வீரர்கள். இந்தச் சுருளில் பார்த்தால், உடைப்பதற்கு முன்னால் கரையில் உட்காரவைத்து நாற்பத்தொரு ஊர்க்காரர்களைச் சுட்டிருக்கிறார்கள். ஒரு படத்தில் சிப்பாய்கள் ஆறு பேர் வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து மூன்றாவது ஆளுக்குத் தொப்பி மூக்குவரை இறங்கியிருக்கிறது. தாடை மட்டும்தான் தெரியும். தாடை என்பது எல்லோருக்கும் இருப்பதுதான். ஐந்தாவது ஆள் துப்பாக்கியைக் கீழே தாழ்த்தி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவன் மட்டும் சுடவில்லை என்று தப்பிப் பிழைத்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். படையின் பெயர்ப்பட்டியல் போரிலேயே எரிந்துபோயிருந்தது.

“ஆறு பேர்ல ஒருத்தன்கூடவா மாட்டல?” என்றார் கத்தரிக்கோல்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஒரு படிவம் கொண்டுபோனேன். “என்னங்க, ஆபீஸ்ல பாலத்தைப் பத்திப் போடுறாங்க. நேர்ல இருந்தவங்க எழுதிக் கையெழுத்துப் போடணுமாம்.”

“இப்பத்தான் உங்க ஆபீசுக்குக் கண்ணு தெரிஞ்சுதாக்கும்” என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை பாலத்திலேயே இருந்ததாகவும், அங்கே நடந்த எல்லாக் காரியத்திலும் தன் கை உண்டு என்றும் முத்து முத்தாக எழுதினார். என்ன காரியம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“படம் வருமா?”

“வருங்க. முழுப் பக்கம்.”

அன்றைக்கே பலகைக்கு முட்டு கொடுத்தார், ஏழாம் தொகுதி வைப்பதற்கு.

நேரில் இருந்தவர் கையெழுத்து ஆயிற்று. ஆளை அடையாளம் தெரிந்தவர் கையெழுத்து நான் போட்டேன். புருஷன் தாடை பெண்டாட்டிக்குத் தெரியாதா?

புத்தகம் வந்ததும் படத்தையும் தன் பெயரையும் பார்த்தார். அதற்குமேல் எதையும் வாசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தூக்கிக்கொண்டு முடிதிருத்துகிற கடைக்குப் போனார். கடைக்காரர்தான் கீழே இருந்த வரியைச் சத்தமாக வாசித்தாராம். பாதித் தலை வெட்டினபடி வீடு வந்து சேர்ந்தார். முன்னால் குறைத்துப் பின்னால் புதராக, பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் வழக்கு வந்தது. சம்மன் வந்த அன்று சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

“நான் அந்தப் பாலத்தப் பாத்ததே இல்ல. கிடங்குல கிழங்கு உரிச்சேன். அங்க ஒருத்தன் எங்களப் படம் எடுத்தான். உங்க ஆபீஸ்ல இருந்தாலும் இருக்கும். தேடிப் பாரு தாயே.”

“பாக்கறேங்க” என்றேன்.

மறுநாள் காலையில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தபோது கைப்பையிலிருந்த பிரிண்டைத்தான் அடியில் வைத்தேன். நல்ல தாள். ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டது.

நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் சாட்சிக்கா பஞ்சம்? சம்பந்தி வந்தார், பல் மருத்துவர் வந்தார். மகள்கூட, “அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்” என்று அழுதுகொண்டே சொன்னாள். தான் உருளைக்கிழங்கு உரித்ததாக அவர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் உண்மை, அதற்குத்தான் சிரிப்பு. ஆயுள் தண்டனை. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். படம் கிடைத்ததா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். தேடுகிறேன் என்பேன்.

மூன்றாம் வருஷம் சிறையிலிருந்து கடிதம் வந்தது. ஆள் போய்விட்டார், வயிற்றுப்போக்காம். அதில் என்ன வீரம்.

இப்போது புதுப் பதிப்புக்காக அலுவலக அலமாரியைக் குடைந்த பெண் அந்தக் கிடங்குப் படத்தின் நெகட்டிவைக் கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். கெட்டிக்காரப் பெண். நெகட்டிவை ஏன் எரிக்கவில்லை என்கிறீர்கள். பிரிண்ட் என்னுடையது. நெகட்டிவ் அலுவலகச் சொத்து. அலுவலகச் சொத்தில் நான் கைவைத்ததே இல்லை. பன்னிரண்டு வருஷம் அதே உறையில், அதே எண்ணில் இருந்தது. யாராவது வந்து முறைப்படி கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

ஆமாம், நான்தான். தெரிந்தே செய்தேன். அந்த மூன்றாவது ஆள் நிஜத்தில் யாரோ, எங்கேயாவது பேரப்பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருப்பான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் புதுப் பதிப்பு அச்சுக்குப் போகும்முன் அந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆளின் பெயரை எடுத்துவிடட்டும். ஐந்தாவது ஆளின் பெயரைத் தொடக் கூடாது. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறானே, அவன் என் தம்பி. நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டோம், விதிப்படி இரண்டு பேர். அம்மா அந்தப் பக்கத்தை முத்தமிட்டுவிட்டுத்தான் போட்டாள். பாலம் உடைவதற்குப் பதினோரு மாதம் முன்பே அவன் போய்விட்டான்தான், அது எனக்கும் தெரியும். இருந்திருந்தால் அப்படித்தான் நின்றிருப்பான். அந்தப் பன்னிரண்டு தொகுதியிலும் சுத்தமான உண்மை அந்த ஒரு வரிதான்.