எழுந்து நின்னவர்

— இந்தப் பூங்கொத்தை ஏன் என் ஓபோ குழல் பெட்டி மேல வைக்கிறீங்க, எர்மெக் அண்ணா?

— உன்னோடதுதானேம்மா, பெர்மெத். என்னத்தைச் சொல்ல, அந்தத் தனி வாசிப்பு நடுவுல என் சீவாளி பிளந்துடுச்சு. நீ டக்குனு எடுத்து வாசிச்சுட்டே. கேட்டவனுக்கு ஆள் மாறினதே தெரியல.

— தெரியலதான். கைதட்டு உங்களுக்குப் போச்சு.

— மேஸ்ட்ரோ நம்மளை நடத்தற கோலை வச்சுட்டு நம்ம பக்கம் கைய நீட்டினாரு. இத்தனை வருஷமா நீட்டினா நான்தானே எழுந்துக்கறது. கால் தானா எழுந்துடுச்சும்மா.

— உக்காந்திருக்கலாமே.

— அரங்கமே தட்டுது, எப்படி உக்கார்றது? குனிஞ்சேன். என்னை மாதிரி வெக்கங்கெட்டவன் இந்த பிஷ்கெக் ஊர்லயே இருக்க மாட்டான்.

— ரெண்டு தடவை குனிஞ்சீங்க.

— ஆமா. ரெண்டு தடவை. அடுத்த கச்சேரியில எல்லார் முன்னாடியும் உன்னை எழுப்பி விடறேன்.

— சீசன் இன்னியோட முடிஞ்சுது. இனி செப்டம்பர்லதான். அப்போ நான் இருப்பனான்னு தெரியல.

— ஏன், எங்கே போறே?

— அப்பா எங்க ஊர் நரின்லருந்து வந்திருக்கார். நான் இங்க என்ன கிழிக்கிறேன்னு பாக்கத்தான் வந்தார். மூணாவது வரிசையில உக்காந்திருந்தார். வயலின்காரங்க மறைச்சதுல நாம யாரும் தெரியல. எழுந்து நின்ன ஒருத்தர் மட்டும்தான் தெரிஞ்சாராம்.

— அடப் பாவமே.

— எழுந்தவர் அருமையா வாசிச்சார், நீ பக்கத்துல சும்மா உக்காந்திருந்தியான்னு கேட்டார். நாளைக்கு ஊருக்குக் கிளம்புன்னுட்டார்.

— நான்தான் வாசிச்சேன்னு நீ சொல்லலையா?

— சொன்னேன். அப்போ அந்த ஆள் எதுக்கு எழுந்தான்னு கேட்டார். எனக்குன்னு கொண்டாந்த போர்சோக் பொரிச்ச ரொட்டியில பாதியை எடுத்துட்டு, உங்க கையில கொடுக்கணும்னு வாசல்ல நிக்கிறார்.

— எனக்கா? ஐயோ, அந்த மனுஷன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? சரி, வா. இப்பவே சொல்லிடறேன். மேஸ்ட்ரோ பழக்கத்துல என்னைக் காட்டிட்டாரு, நானும் யோசிக்காம எழுந்துட்டேன்னு.

— அப்படிச் சொல்லாதீங்கண்ணா.

— ஏம்மா? நான் எழுந்தப்போ நீ நாற்காலியைப் பின்னால தள்ளி எனக்கு வழி விட்டியே, அப்பவே எனக்குக் கூசிப்போச்சு. இதையாவது சொல்லலைன்னா நான் என்ன மனுஷன்?

— நான் வழி விடல. மேஸ்ட்ரோ என்னைப் பாத்துத்தான் கைய நீட்டினாரு. நான் எழுந்துக்கிட்டு இருந்தேன்.