பேட்டரிக்குத் தண்ணி

— மெதுவா ஊத்து மச்சான். அந்த மூலையில டைல்ஸ் வெளுத்துப் போனது போதும்.

— அது நானில்ல மாமா, எங்க அக்கா. ஒருநாள் நான் வர லேட்டாச்சுன்னு தானே ஊத்தப் போயி வழிய வுட்டுட்டு, பழிய என் மேல போட்டுது.

— ரத்தினபாய் அப்படித்தான். சரி டெனிஸ், இந்த இன்வர்ட்டர் பேட்டரிக்காக மாசாமாசம் டிஸ்டில்டு வாட்டர் கேனத் தூக்கிட்டு பொழிச்சலூர்ல இருந்து தாம்பரம் வரணுமா? லித்தியம் வாங்குங்கப்பான்னு சுஜி ஒரே நச்சு.

— உங்க பொண்ணுக்கு இன்னா தெரியும்? லித்தியம் நல்லதுதான், இல்லேங்கல. தண்ணி வேணாம், துடைக்க வேணாம், மாட்டிட்டு மறந்துடலாம். அதான் பேஜாரு.

— தண்ணி ஊத்தாத சீல்டு பேட்டரியும் இருக்காமே?

— எங்க வூட்ல அதான் போட்டேன். தொடவே வேணாம்னான் கடைக்காரன். ரெண்டு கோடை வெயிலுக்கு உப்பிப் போயி வயித்தத் தள்ளிக்கினு நின்னுச்சு. தொறந்து வைத்தியம் பாக்கவும் வழியில்ல. உங்க டியூபுலர் பேட்டரி அப்படியா? தண்ணி கேக்கும், வெந்நித் துணியால முனையத் துடைக்கணும், வாஸ்லின் தடவணும். ஆனா கவனிச்சுக்கினா வருஷக்கணக்கா உழைக்கும்.

— என் சயின்ஸ் கிளாஸ்ல உக்காந்திருந்தப்ப இதுல பாதி எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்ப.

— கிண்டல் பண்ணாதீங்க மாமா. பாருங்க, கரண்ட் போச்சு. ஃபேன் நின்னுதா? நம்ம பேட்டரி.

— மச்சான், கேனக் கீழ வை. ஒண்ணு சொல்லணும். ஃபேன் இதுல ஓடல. பெட்ரூம் அலமாரிக்குப் பின்னாடி லித்தியம் இருக்கு. ஜனவரியிலயே சுஜி மாட்டிட்டா.

— அப்ப இதுல எப்படித் தண்ணி குறைஞ்சுக்கினே வருது?

— நீ வர்றதுக்கு முன்னாடி நான்தான் சிரிஞ்சு வெச்சு உறிஞ்சி எடுப்பேன்.

— ஆசிட் மாமா அது. கையக் காட்டுங்க. ஐயோ, விரல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு. எதுக்கு இந்த வேலை?

— ரத்தினபாய் போனப்புறம் அவ பக்கத்துல இருந்து இந்த வீட்டுக்குள்ள வர்றது நீ ஒருத்தன்தான். இனிமே தண்ணி வேணாம்னா நீயும் வராம இருந்துடுவியோன்னு பயம். அதான் சொல்லல. கோவமா?

— கோவம் எதுக்கு? ஒயர் கழட்டிக் கெடக்கிறத ஈஸ்டருக்கு வந்தப்பவே பாத்துட்டேன். நீங்க எங்க சொல்லிடுவீங்களோன்னுதான் நான் பயந்துகினு கெடந்தேன்.