எட்டாவது பிராக்கெட்

ஸ்டேஷன் நாற்காலி பரவாயில்லை மேடம், பின்னங்கால் ஒன்றுதான் குட்டை. ஓர் அட்டையை மடித்து வைத்தால் சரியாகிவிடும். என் தொழில் அப்படி, எதைப் பார்த்தாலும் பின்பக்கம்தான் முதலில் கண்ணில் படும். உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லிக் காகிதம் கொடுத்தீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் பக்தவச்சலம். திருவொற்றியூரில் எனக்கும் என் தங்கை செங்கொடியின் வீட்டுக்காரன் தீனாவுக்கும் சேர்ந்து ஒரு ஷெட். இருபத்தேழு வருஷமாகக் கன்டெய்னர் லாரிகளுக்கு பிளேட் கட்டுகிறேன். பிளேட் என்றால் பின்சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளில் பாதி என் பிளேட்டில்தான் குலுங்குகின்றன. குலுங்கும், கவிழாது.

தீனாவுக்குச் சொந்தமாகக் கார் கட்டும் ஆசை. கோயம்புத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஃபைபர் உடம்பு, இரும்புச் சட்டம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. எண்ணூர் சாம்பல் பறக்கிற ஊரில் கூரையில்லாத கார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பின்பக்க சஸ்பென்ஷன் எப்படி என்பதை மட்டும், காரைக் கட்டுகிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அங்கேதான் சனி வந்து உட்கார்ந்தது.

நேர் ஆக்சில் போட்டு பிளேட் கட்டலாம் என்றேன். அவனோ இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடவேண்டும், காயில் ஸ்பிரிங்தான் என்றான். யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொன்னானாம். அந்த வெள்ளைக்காரனை மணலி ரோட்டில் ஒரு நாள் ஓட்டச் சொல்ல வேண்டும்.

“இன்னா மச்சான், இது மணல் லாரியா? பிளேட்டு கட்னா குந்தினுகீறவன் இடுப்பு கயண்டு பூடும்” என்றான். ஷெட்டே சிரித்தது. சாப்பாடு கொண்டுவந்த செங்கொடியும் சிரித்தாள். “அண்ணா, நீ லாரிய பாரு. கார அவுரு பாத்துக்குவாரு” என்றாள். நான் தூக்கி வளர்த்த பெண். சுருக்கென்றது. அன்றிலிருந்து என் பிளேட்டுக்கு ஷெட்டில் ‘தாத்தா ஸ்பிரிங்’ என்று பெயர்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். நீ சொன்னதுதான் சரி என்று அவன் வாயால், நாலு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை. இது பெரிய ஆசையா மேடம்?

எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் முதலில் மூன்று பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்துவோம். அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவோம். முழு வெல்டிங் அடித்தவன்தான் வட்டத்தைத் துடைப்பான். வட்டம் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம், யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். சக்கரத்தைத் தாங்குகிற ஆர்மை மாட்ட எட்டு பிராக்கெட். ஏழை முடித்துவிட்டு தீனா சாப்பிடப் போனான். எட்டாவதன் வட்டத்தை நான் ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டு தெரியாமல் கறுப்பு பெயின்டும் அடித்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

திரும்பி வந்து பார்த்தான். “எட்டாவத நீயே அட்சிட்டியா மச்சான்? கோவம் பூட்ச்சா?” என்று கிரீஸ் கையோடு கட்டிக்கொண்டான். நான் சிரித்தேன். சிரிப்பது பொய் சொன்னதில் சேராது.

மேம்பாலத்துக் குலுக்கலில் சக்கரம் சாயும், வண்டி ஓரமாக நிற்கும், அவன் தலையைச் சொறிந்துகொண்டு நடந்து வருவான். நான் நினைத்தது அவ்வளவுதான். புது வண்டியின் முதல் ரவுண்டில் வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைப்பது எங்கள் வழக்கம். துடைக்கிறபோது அது ஞாபகம் வரவில்லை. சாயங்காலம் வந்தது. சொல்வதற்கு நாலு நாள் இருந்தது. முதல் நாள் வேலை அதிகம். இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் அவன் மறுபடியும் தாத்தா ஸ்பிரிங் என்றான். நாலாம் நாள் அமாவாசை, நல்ல நாளில் கெட்ட பேச்சு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவன் நான். செங்கொடியைக் கைபிடித்து ஏற்றியவனும் நான். புடவைத் தலைப்பு கதவில் மாட்டாமல் எடுத்துவிட்டேன். “பத்ரமா போய்ட்டு வா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

எர்ணாவூர் மேம்பாலம் இறங்குகிற இடத்தில் பிராக்கெட் பிய்த்துக்கொண்டது. வண்டி ஓரமாகத்தான் போனது, ஆனால் நிற்கவில்லை. அங்கே வரிசை கட்டி நின்ற டிரெய்லர் ஒன்றின் அடியில் இடது பக்கமாகப் புகுந்தது. அவள் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். அந்த டிரெய்லருக்கு பிளேட் கட்டியது நான்தான், அதற்கு ஒரு கீறல் இல்லை.

நீங்கள் பெயின்டைச் சுரண்டிப் பார்த்து மூன்று பொட்டைக் கண்டுபிடித்தீர்கள். சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள். என் தங்கையைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் முழுதாக எழுத வேண்டுமென்றால் இதையும் எழுத வேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரியில், காலில் கம்பி போட்டுக் கிடந்த தீனா, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. “நீ சொன்னதுதான் கரீட்டு மச்சான். பிளேட்டே போட்டுகீணும்” என்றான்.

இதை அவன் இரண்டு மாதம் முன்னால் சொல்லியிருந்தால், செங்கொடி சாக வேண்டிய அவசியமே வந்திருக்காது.