கதவு மாஸ்டரின் இரண்டு முட்டுகள்

மேடையில் வீற்றிருக்கும் நமது பழைய வாகனச் சங்கத்தின் தலைவர் அவர்களே! வேலையைப் போட்டுவிட்டு, கையில் கிரீஸ் காயாமலே ஓடி வந்திருக்கும் பட்டறை நண்பர்களே! முதல் வரிசையில் தெம்பெல்லாம் வடிந்து உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் துணைவியார், நான் அக்கா என்று அழைக்கும் அம்மையாரே! மூன்றாம் வரிசையில் இருக்கும் என் தங்கையே! அவள் பக்கத்தில் கைத்தடியை மடியில் சாய்த்து வைத்திருக்கும் அவள் கணவர், என் மாப்பிள்ளை அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் செயலாளர் நான் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். தலைவர் ஐந்து விரலைக் காட்டி, ஐந்தே நிமிடம் என்று எச்சரித்திருக்கிறார். தலைவர் அவர்களே, இன்று சீக்கிரம் இறங்கி ஓடிவிட வேண்டும் என்று உங்களைவிட எனக்குத்தான் ஆசை. ஆனால் பேசி முடிக்காமல் இறங்க முடியாது.

இந்த இரங்கல் கூட்டம் யாருக்காக? ஊரில் ஒருவருக்கும் சொந்தப் பெயர் நினைவில் இல்லாத ஒரு மனிதருக்காக! கதவு மாஸ்டர், அவ்வளவுதான் அவர் பெயர். ஏன் அந்தப் பெயர்? ஸ்டியரிங் ஆடுகிறது என்று வண்டியைக் கொண்டு போனால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். ஜாக்கியை வைத்து ஒரே ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்குவார். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து, சுண்டுவிரலால் சாத்திப் பார்ப்பார். "யோவ், ஸ்டியரிங்கைப் பாருய்யான்னா இந்த ஆளு கதவைச் சாத்திச் சாத்தி விளையாடுறாரு!" என்று புதிதாக வந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொண்டவன்தான்.

அவர் சொல்வார்: "சார், உங்க வண்டிக்கு அடியில தனி இரும்புச் சட்டம் கிடையாது. மடிச்ச தகடுதான் எல்லாமே. சக்கரம் வாங்குற அடி அத்தனையும் அதுக்கு மேல இருக்கிற தகட்டுக் கூண்டுல போய் விழுது. கூண்டு உள்ள சாயுது. ஒத்தைச் சக்கரத்தைத் தூக்கினா தெரிஞ்சுடும், முன்பக்கம் முறுக்கிக்கிச்சுன்னா கதவு இடிக்கும். வண்டிக்காரன் பொய் சொல்லுவான், கதவு சொல்லாது."

கதவு இடித்தால் முட்டு வைப்பார். முன்சக்கரக் கூண்டின் தலையிலிருந்து, ஓட்டுகிறவர் காலுக்கு முன்னால் நிற்கும் தகட்டுச் சுவர் வரைக்கும், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள். நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு முனையிலும் போல்ட். சும்மா பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் வைத்த பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும்! கிழவன் எழுந்து நிமிர்ந்து நடந்த மாதிரி இருக்கும்.

ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரின் பழைய வேனுக்கு அப்படித்தான் முட்டு வைத்தார். அவர் வீட்டு அம்மா அதுவரை கதவை இடுப்பால் இடித்துத்தான் சாத்துவார்களாம். ஒரு வாரம் கழித்துப் பட்டறைக்கே வந்து, "மாஸ்டர், இப்ப கதவைச் சாத்த இடுப்பு வேணாம். அவரைத் திட்டுறதுக்கு ஒரு காரணம் குறைஞ்சு போச்சு" என்றார்கள். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நான் அங்கேதான் இருந்தேன்.

அப்பேர்ப்பட்ட கைக்காரர் பதினோரு ஆண்டுகளாக ஒரு காரைக்கூடத் தொடவில்லை. ஏன்? உங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்று. என் காருக்கு அவர் வைத்த முட்டு பற்றவைத்த இடத்தில் விட்டுப்போனது, அதனால் விபத்து, அதனால் என் மாப்பிள்ளையின் கால் ஊனமானது. பதினோரு ஆண்டுகளாக ஊர் முழுக்க அப்படித்தான் நம்புகிறது.

சபையோரே, அது பொய். அந்தப் பொய்யைக் கட்டிக் காத்தவன் இதோ உங்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். என்னுடைய வெளிர்பச்சைக் காரைக் கண்காட்சிக்குக் கொண்டு போனேன். நடுவர்கள் வெளியூர்க்காரர்கள். தொழிற்சாலையில் வைக்காத ஒரு ஆணி இருந்தாலும் மதிப்பெண்ணை வெட்டுவார்கள். மைதானத்து ஓரமாகக் காரை நிறுத்தினேன். நான்கு போல்ட்டையும் என் கையாலேயே கழற்றினேன். இரண்டு முட்டுகளையும் பழைய போர்வையில் சுற்றி, போல்ட்டுகளோடு டிக்கியில் வைத்தேன். மாஸ்டருக்குச் சொன்னேனா? இல்லை. மாப்பிள்ளைக்குச் சொன்னேனா? அதுவும் இல்லை!

முதல் பரிசு வாங்கினேன். அந்தக் கோப்பையை உங்களில் பலர் என் வீட்டுக் கூடத்தில் பார்த்திருப்பீர்கள். முட்டுகளைத் திரும்ப மாட்டப் பத்து நிமிடம் போதும். ஏன் மாட்டவில்லை? வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். படம் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். சட்டையில் கறை படுமே என்று பார்த்தேன். வீடு பக்கம்தானே, நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "மாப்பிள்ளை, நீங்க ஓட்டுங்க, நான் கோப்பையைப் பிடிச்சுக்கறேன்" என்றேன்.

ரயில்வே கேட் தாண்டிய வளைவில் சாலை ஓரம் உடைந்து கிடந்தது. அங்கே விழுந்த அடியில் வலப்பக்கக் கூண்டு கிழிந்தது, சக்கரம் உள்ளே மடங்கியது, கார் சுவரில் போய் மோதியது. மாப்பிள்ளைக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. எனக்கு ஒரு கீறல் இல்லை. கோப்பைக்கும் இல்லை.

மறுநாள் காரை மாஸ்டர் பட்டறையில் கொண்டு வந்து போட்டிருந்தார்கள். நான் போனேன், சங்கத்தார் மூன்று பேர் வந்தார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கையும் வந்தாள். எங்களுக்கு முன்னால் மாஸ்டர் பானெட்டைத் தூக்கினார். போல்ட் இருக்க வேண்டிய நான்கு துளைகளும் காலி. அவர் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மற்றவர்கள் எட்டிப் பார்க்கும் முன்பே பானெட்டை மூடிவிட்டுப் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். போர்வை மூட்டையைக் கண்டார். அதையும் மூடினார்.

தங்கை அழுதுகொண்டே கேட்டாள்: "யாரு செஞ்ச வேலை இது? சொல்லுங்க, யாரு செஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன். திறந்ததுதான், ஒரு சொல் வரவில்லை. மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர்தான் சொன்னார்.

"நான் செஞ்சதும்மா. இன்னும் கெட்டியா செஞ்சிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

"உங்க கை வெளங்காமப் போகட்டும்!" என்றாள் தங்கை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா தங்கை, உன் மேல் குற்றமில்லை. அந்தச் சாபம் எனக்கு வந்திருக்க வேண்டியது, விலாசம் மாறிப் போய்விட்டது.

இதோடு நின்றேனா? அடுத்த மாதம் சங்கம் கூடி, அங்கீகரித்த பட்டறைகளின் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது. கடிதத்தில் செயலாளர் கையெழுத்து வேண்டும். செயலாளர் யார்? நான்! போட்டேனே, ஐயா! அன்றிலிருந்து அவர் வீடுகளுக்கான கேட்டும் ஜன்னல் கம்பியும் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பட்டறை வாசலில் பழைய கார் எதுவும் நிற்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் மனசு கேட்காமல் போனேன். "மாஸ்டர், எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்" என்றேன்.

"எப்ப?"

"நேரம் பார்த்து."

கம்பியைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே உங்க தங்கச்சி உங்களை விட்டுப் போயிருக்கும். அதுக்குப் பொறந்த வீடுன்னு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. அதான் நான் வாயைத் திறந்தேன். ஆனா சார், இதை ரொம்ப நாளைக்கு வச்சிருக்காதீங்க. சொல்றப்ப என்னையும் கூப்பிடுங்க, பக்கத்துல நிக்கறேன். தனியா சொன்னா உங்களுக்கு வாய் குழறும்."

கேட்டீர்களா? அவருக்கு நான் செய்த துரோகத்தைச் சொல்ல, எனக்கே துணையாக வந்து நிற்கிறேன் என்றார்! நான் என்ன செய்தேன்? நேரம் பார்த்தேன். பதினோரு ஆண்டு நேரம் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை காலையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும் முன்பே அவர் போய்விட்டார். இனி எவரைக் கூப்பிடுவேன்?

மூன்று நாளைக்கு முன்னால் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார்கள். "அவருக்கு உங்க மேல ரொம்ப மரியாதை. கூட்டத்துல நீங்கதான் பேசணும்" என்றார்கள். அக்கா, உங்களிடமாவது அவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். சொல்லவே இல்லையா? தலையை ஆட்டுகிறீர்கள். உங்களிடம்கூடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஒரு மூட்டையைக் கையில் கொடுத்தார்கள். "பட்டறையில இருந்துச்சு. உங்க சாமான் போல, எழுதி வச்சிருக்காரு." பார்த்தால் என் போர்வை. மேலே அட்டையில், "செயலாளர் சாருடையது. கேட்டால் கொடுக்கவும்" என்று அவர் கையெழுத்து. உள்ளே இந்த இரண்டு முட்டுகள், ஒரு டப்பாவில் நான்கு போல்ட்டுகள். துரு இல்லை. எண்ணெய் தடவி வைத்திருக்கிறார். கையில் தொட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது. கேட்டால் கொடுக்கவும்! நான் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

இதோ, மேஜை மேல் வைக்கிறேன். தலைவர் அவர்களே, இதோடு என் ராஜினாமாக் கடிதத்தையும் வைக்கிறேன். அந்தப் பட்டியலில் மாஸ்டரின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம் பொய் என்று எல்லாப் பட்டறைக்கும் எழுதுங்கள், அதற்கும் நானே கையெழுத்துப் போடுகிறேன். இனி நம் கண்காட்சிக்கு வரும் எந்தக் காரும், ஒரு சக்கரத்தைத் தூக்கி, சுண்டுவிரலால் கதவைச் சாத்திக் காட்டிய பிறகுதான் மைதானத்துக்குள் நுழைய வேண்டும். முட்டு வைத்த வண்டிக்கு ஒரு மதிப்பெண்கூட வெட்டக் கூடாது. நீங்கள் ஒப்புக்கொண்டால் அந்த ஜாக்கியைத் தூக்கும் வேலையை எனக்குக் கொடுங்கள். உயிர் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து செய்கிறேன். அவர் வேலை நிற்காது. இது நான் அவர் படத்தின் முன்னால் கொடுக்கும் வாக்கு.

மாஸ்டர், உங்கள் படம் என் வலப்பக்கம்தான் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறேன் என்றீர்களே, நின்றுவிட்டீர்கள். வாய் குழறத்தான் செய்கிறது.

நண்பர்களே, இந்த முட்டுகளைக் கை மாற்றி மாற்றிக் கடைசி வரிசை வரைக்கும் அனுப்புங்கள். பற்றவைத்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

தங்கச்சி, நீ எழுந்துவிட்டாய். மாப்பிள்ளையின் கையையும் பிடித்துவிட்டாய். உன்னைத் தடுக்க எனக்கு வாயில்லை. ஆனால் முதலில் இதை உன்னிடம்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், இதோ கொண்டு வருகிறார்கள். வாங்கிப் பாரும்மா. அவர் கை விளங்கிய கைதான். பார்த்துவிட்டுப் போ.