வண்டியில் தூங்கும் வைத்தியன்

தங்கை: மறுபடியும் சத்திரமா அண்ணா?

அண்ணன்: மழை பெய்யுது. வேற எங்க தங்குவ?

தங்கை: நீ கதை சொல்ற எல்லா ஆட்டத்துலயும் மழை. உடனே ஒரு சத்திரம். மூலையில முக்காடு போட்டுட்டு ஒருத்தன்...

அண்ணன்: இந்தத் தடவை மூலையில யாரும் இல்ல.

தங்கை: அடுப்புப் பக்கமா?

அண்ணன்: ...ஆமா.

தங்கை: பாத்தியா. கடைசியில அவன் ராஜாவுக்குப் பங்காளியா இருப்பான்.

அண்ணன்: பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பகடையை உருட்டு.

தங்கை: பதினொண்ணு.

அண்ணன்: சரி, மழை விட்டுருச்சு. வண்டியில தூங்குற வைத்தியனுக்கு வண்டிக்காரன் போர்வையை இழுத்துப் போத்திவிடுறான்...

தங்கை: இதுவும் வாரா வாரம் வருது.

அண்ணன்: ஆட வராதவங்க ஆளு கதைக்குள்ள வண்டியில தூங்கணும். நாம மூணு பேரும் சேந்து வச்ச சட்டம்.

தங்கை: அது காய்ச்சல், தலைவலின்னு வராதவங்களுக்கு. வைத்தியனா ஆடின நம்ம சின்னவன் வீட்டை விட்டே போயி எட்டு மாசம் ஆச்சு.

அண்ணன்: ...முன்னால பள்ளத்தாக்கு. கயித்துப் பாலம்தான் வழி. வண்டி போகாது.

தங்கை: அப்ப வைத்தியன்?

அண்ணன்: இங்கயே விட்டுட்டுப் போகணும்.

தங்கை: என்னண்ணா திடீர்னு...

அண்ணன்: எத்தனை நாள்தான் இழுத்துட்டுப் போறது?

தங்கை: அவன் போன அன்னைக்கு நீ வைத்தியனையா திட்டின? கதை சொல்ற சாக்குல சின்னவனைத்தான் திட்டின. எதுலயும் உருப்படமாட்டேன்னு.

அண்ணன்: தப்புதான். நினைச்சா இப்பவும் வலிக்குது.

தங்கை: அதை அவன்கிட்ட சொல்லேன்.

அண்ணன்: போனை எடுத்தா வாயே வரமாட்டேங்குது. கதைன்னாதான் எனக்குப் பேச வருது.

தங்கை: ...கோவிச்சுக்காத. நான் ஒண்ணு மறைச்சுட்டேன். நம்ம ஆட்டத்தை வாரா வாரம் எழுதி அவனுக்கு அனுப்புறேன்.

அண்ணன்: தெரியும்.

தங்கை: தெரியுமா?

அண்ணன்: ஆரம்பத்துலயே உன் நோட்டைப் பாத்துட்டேன். இல்லன்னா தூங்குறவனுக்குப் போர்வை போத்தினதை வாரா வாரம் யாருக்குச் சொல்றேன்?

தங்கை: அவனுக்கா?

அண்ணன்: அவன் படிப்பான்னு நினைச்சேன். ஒரு வார்த்தை வரல. அதான் பாலத்தைக் கொண்டுவந்தேன். போதும்னு தோணுச்சு.

தங்கை: பாலத்தை அழிச்சுடு.

அண்ணன்: ஏன்?

தங்கை: நேத்து பதில் போட்டிருக்கான். வைத்தியனுக்கு வேர்க்குதாம், போர்வையை எடுத்துவிடச் சொன்னான்.