சேர்க்கைப் பந்தி

எங்கள் கல்லூரி விடுதிச் சாப்பாட்டை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. நீங்களும் மத்தியானம் இங்கேதான் கை நனைத்தீர்கள். வத்தக்குழம்பு எப்படி இருந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதை நானே பார்த்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி வயிறு நிறைந்து உட்கார்ந்திருப்பது நம் இரண்டு பேருக்குமே நல்லது. நிதானமாகச் சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் உக்கிரபாண்டி. அச்சங்குளத்துப் பக்கம் கரிசல் நிலம், சிவகாசிச் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனி, இந்தக் கல்லூரியில் விடுதிக் கமிட்டித் தலைவர் பதவி. மூன்றில் நான் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டது கடைசியைத்தான். கல்லூரியில் எவனுக்கு இடம் என்பதைப் பிரின்ஸிபால் மார்க்கைப் பார்த்து முடிவு செய்வார். எவன் எங்கே படுத்துத் தூங்குவான் என்பதை நான் முடிவு செய்வேன். மார்க்கு வாங்கிய எவனும் பி.யு.சி.க்குள் வந்துவிடலாம் என்று காலம் ஆகிப்போனபின், இரண்டாவது வேலைதான் பெரிய வேலை.

விடுதிகள் இரண்டு. கிழக்கு விடுதி மச்சுக் கட்டடம். மின்விசிறி உண்டு, ஜன்னலுக்கு ஜன்னல் வேப்பங்காற்று. மேற்கு விடுதி ஒரு காலத்தில் தீப்பெட்டிக் கம்பெனியாக இருந்த தகரக் கொட்டகை. என் இடம்தான், பெரிய மனது பண்ணிக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தேன். எந்த விடுதி வேண்டும் என்று பையன்களைக் கேட்டால் அத்தனை பேரும் கிழக்கு என்பார்கள். ஆகவே கேட்பதில்லை. சாதியைக் கேட்டுப் பிரிக்கக் கூடாது என்று சர்க்கார் சொல்லியிருந்தது. நான் சர்க்கார் சொல்லைத் தட்டுகிறவன் இல்லை. எந்தப் பையனையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாடு போட்டேன், அவ்வளவுதான்.

சேர்க்கை நாளன்று எல்லோருக்கும் ஒரே பந்தி. ஒரே பாய், ஒரே குழம்பு, அப்பளம் பாயசத்தோடு. பெரிய மனிதர்கள் வந்து பார்த்துவிட்டு, "சமத்துவம்னா இதுல்ல சமத்துவம்" என்று கண் கலங்கிப் போவார்கள். எனக்கு வேண்டியதெல்லாம் பந்தி முடிந்த பிறகு நடப்பதுதான். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை சாப்பிட்டதும் இலையை மடித்துவிட்டுக் கை கழுவப் போவான். எடுக்க ஆள் உண்டு என்று அவனுக்குத் தெரியும். எங்கள் காடுகளில் கூலிக்கு நின்று, இன்று தீப்பெட்டிக்கும் வெடிக்கும் போகிற குடும்பத்துப் பிள்ளை, தன் இலையைத் தானே எடுத்துக்கொண்டு எழுந்திருப்பான். எங்கள் வீட்டுக் கொல்லையில் அவர்களுக்குச் சோறு போட்டு நாங்கள் பழக்கியது அது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இலையை விட்டவன் கிழக்கே, இலையை எடுத்தவன் மேற்கே. மேற்பார்வைக்கு இருந்த ஒச்சப்பனுக்கு மட்டும் இது தெரியும். வாய்விட்டு யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததால்தான் அது அத்தனை ஒழுங்காக நடந்தது.

வேலுச்சாமி என்று ஒரு பையன். தாயில்பட்டிக்காரன். அப்பன் வெடிமருந்து அறையில் கருகிப்போனவன். அம்மா மாடத்தி என் கம்பெனியில் வெடிக்குத் தாள் சுற்றுகிறவள். முன்னே எங்கள் வீட்டுக் கொல்லையில் உண்டவள் என்பதால், பந்தியின் சூட்சுமத்தை எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறாள். கெட்டிக்காரி. பையனிடம் சொல்லி அனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள்.

பையன் சாப்பிட்டு முடித்தான். இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்தான். இலையை விட்டுவிட்டு நடந்தான். நான் பந்தியின் கோடியில் நின்றுகொண்டிருந்தேன். லேசாகச் செருமினேன். வேறொன்றும் செய்யவில்லை, செருமுவது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. பையன் திரும்பி வந்து குனிந்து இலையை எடுத்துக்கொண்டான்.

கேட்டுக்கு வெளியே மாடத்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஏலே, ஒன்ட்ட என்னலே சொல்லி விட்டேன்?"

"கை தானா போயிருச்சும்மா," என்றான் அவன்.

பிறகு என்னிடம் வந்தாள். "ஐயா, வெடிக் கொட்டாயில இவனும் சாகக் கூடாதுன்னுதான் வயித்தக் கட்டிப் படிக்க வச்சேன். திரும்ப அதுக்குள்ளயே கொண்டு போட்டிருக்கீகளே."

அவள் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. தீபாவளி சீசனில் என் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கி நிறைந்துவிடும். மேற்கு விடுதியின் கடைசி இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. வெடி லோடை அங்கே இறக்கிப் பூட்டி வைப்பேன். இடத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. மேலும் அங்கே படுத்திருந்தவர்கள் மருந்து வாடையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கிழக்கு விடுதிப் பையன்களாக இருந்தால் தலைவலி என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள். மாடத்தியிடம் பொறுமையாகச் சொன்னேன்: அது கொட்டாய் இல்லை அம்மா, விடுதி.

அடுத்த வருஷம் என் மகன் சங்கரபாண்டியன் பி.யு.சி. சேர்ந்தான். ஒரே பிள்ளை. அவனை மதுரைக்கு வடக்கே ஓர் ஆசிரமப் பள்ளியில் படிக்க வைத்திருந்தேன். கதர்க்காரர்கள் பழக்கம் லைசென்ஸ் விஷயங்களுக்கு உதவும் என்று. அங்கே அவனவன் தட்டை அவனவன் கழுவ வேண்டுமாம். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

"நம்ம பிள்ளைக்கு எதுக்குப் பந்தி? நேரா கிழக்க சேத்துருங்க," என்றாள் என் மனைவி பொன்னுத்தங்கம். நான் ஒப்பவில்லை. விதி என்றால் எல்லோருக்கும் ஒன்று. தலைவர் மகன் என்று சலுகை காட்டினால் நாளைக்கு நாலு பேர் நாக்கு மேல் பல் போட்டுப் பேசுவார்கள்.

அவன் சாப்பிட்டான். பாயசத்தை வழித்துச் சாப்பிட்டான். இலையை மடித்துக் கையில் எடுத்தான். நான் செருமினேன். அவன் நின்று என்னைப் பார்த்தான். மறுபடியும் செருமினேன்.

"தொண்டைக்கு என்னப்பா? சுக்குத் தண்ணி குடிங்க," என்று சொல்லிவிட்டு இலையோடு போய்விட்டான்.

ஒச்சப்பன் எல்லோருக்கும் முன்னால் வந்து, "மொதலாளி, தம்பிய எங்கன போடட்டும்?" என்று கேட்டான். மடையன். பெற்றவர்களும் பிள்ளைகளும் சுற்றி நிற்கிறார்கள். கிழக்கே என்றால், அதே மாதிரி இலையெடுத்த மற்றவர்கள் ஏன் மேற்கே என்று கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அதன் பிறகு பந்தி ஏது? மேக்க, என்றேன். என் நேர்மையை அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்கள்.

அவனுக்கும், அதற்குள் பி.ஏ.வில் சேர்ந்திருந்த வேலுச்சாமிக்கும் ஒரே அறை. லோடு அறைக்கு அடுத்த அறை. ஆவணி பிறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் வந்தார்கள். வேலுச்சாமி வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அப்பா, அந்த ரெண்டு ரூமையும் காலி பண்ணுங்க. தகரம் கொதிக்குது. சுவத்துல கை வைக்க முடியல."

"சீசன் முடியட்டும்," என்றேன்.

"நீங்க ஒரு நாள் அங்கன வந்து படுத்துப் பாருங்களேன்," என்றான் என் மகன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அன்று என் லாரி கம்பெனி வாசலில் சும்மா நின்றது. ஆளும் இருந்தது. என் காட்டில் பம்புசெட்டு அறை காலியாகக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் லோடை எடுத்திருக்கலாம். பொன்னுத்தங்கமும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். நான் யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் முழுக்க மற்ற பிள்ளைகள் படுத்திருந்தபோது ஆபத்தில்லாத லோடு, என் பிள்ளை படுத்ததும் ஆபத்தாகிவிட்டது என்றால், எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்றல்லவா ஊர் பேசும்? ஆம், தெரியும். மருந்துத் தொழிலில் நரைத்த எனக்குத் தெரியாதா? தகரத்துக்கு அடியில் மருந்தை வைத்தால் என்ன ஆகும் என்று என் கம்பெனியில் கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான் வைத்தேன். தெரிந்தேதான் எடுக்காமல் விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிள்ளைகள் கறிச்சோறு தின்றுவிட்டு அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றதை நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

முன்பக்க அறைகளில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். லோடுக்கு அடுத்த அறையில் இருந்த இரண்டு பேரை வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். ஒச்சப்பன் தலையில் அடித்துக்கொண்டு, "எது நம்ம தம்பின்னு தெரியல மொதலாளி," என்றான். நான் வெகுநேரம் பார்த்தேன். நூறு பேரை உட்கார வைத்தாலும் கண்ணாலேயே பிரித்துவிடுகிறவன் நான். இரண்டு பேரைப் பிரிக்க முடியவில்லை.

மாடத்தி வந்தாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று நினைத்தேன். அவளும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "ஒண்ண நீங்க கொண்டு போங்க, ஒண்ண நான் கொண்டு போறேன். எதா இருந்தா என்ன, பிள்ளைதானே," என்றாள். சேலைத் தலைப்பை விரித்து ஒருவன் மேல் போர்த்தினாள்.

எங்கள் சுடுகாட்டில், எங்கள் முறைப்படி, குறைவில்லாமல் எல்லாம் செய்தேன். யாருக்குச் செய்தேன் என்பதுதான் தெரியவில்லை. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் குற்றம் என்று ஒன்றை எழுதத்தான் வேண்டுமானால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: இலையைத் தொடாதே என்று பிள்ளையை வீட்டிலேயே சொல்லி வளர்த்திருக்க வேண்டும். வளர்ப்பில் கோட்டை விட்டேன்.

போலீசாரிடம் இதில் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. மின்சாரக் கோளாறு என்று சொன்னேன், எழுதிக்கொண்டு போனார்கள். உங்களிடமும் அதையே சொல்வதாகத்தான் இருந்தேன். மத்தியானம் நீங்கள் சாப்பிட்டு எழுந்து, இலையை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனீர்கள் பாருங்கள், அதைப் பார்த்த பிறகுதான், சரி, நம்மவர், இவரிடம் மனதைத் திறந்து பேசலாம் என்று தோன்றியது.