கிட்டங்கி வாசலில் இருப்பது புளிக் கறை

கம்பம், 18.09.2003, வியாழக்கிழமை, காலை 11 மணி. மனு விசாரணையில் தலைமைக் காவலர் ஞானசிகாமணி கேட்க, நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியது.

என் பெயர் ஹுஸ்னா, வயது 44, கணவர் பெயர் ஷானவாஸ், தகப்பனார் காலஞ்சென்ற காதர் மைதீன். கம்பம் புளியமரத்து முடுக்கில் கதவு எண் 17இல் குடியிருக்கிறேன். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்து 1980இல் வரலாற்றில் பி.ஏ. முடித்தேன். வேலைக்குப் போனதில்லை. கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மனுதாரர் அமானுல்லா என் உடன்பிறந்த தம்பி, ஏலக்காய் வியாபாரம் செய்கிறான். எதிர்மனுதாரர் பூமாரி, வயது 18, காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும் அம்மாவாசி என்பவரின் மகள், உத்தமபாளையத்தில் உள்ள கல்லூரியில் வரலாறு முதலாமாண்டு படிக்கிறாள். எனக்கு உறவில்லை. ஆடி மாதத்துக்கு முன் அவளை நான் பார்த்ததும் இல்லை.

பூமாரி பூட்டை உடைத்து எங்கள் கிட்டங்கிக்குள் புகுந்தாள் என்றும், வாசல் நிலைக்கு மேலே உள்ள கல்லை உளி வைத்துக் கொத்திச் சேதப்படுத்தினாள் என்றும் தம்பி கொடுத்த மனுவை ஏட்டய்யா எனக்கு வாசித்துக் காட்டினார். இரண்டும் உண்மையல்ல. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சரக்கு வைக்கும் கிட்டங்கி என்று சொல்லப்படும் கட்டடம் என் வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. ஒரே பெரிய அறை, உள்ளே எட்டு மரத்தூண்கள், தெருப்பக்கம் சன்னல் கிடையாது. மூன்று வருடம் முன்பு வரை தம்பி அதில் ஏலக்காய் மூட்டை அடுக்கினான். இப்போது கிழிந்த சாக்குகளும் உடைந்த தராசு ஒன்றும் கிடக்கின்றன. வாப்பா இருந்த காலத்திலிருந்து சாவி என் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது. அதை இடித்துக் கடைகள் கட்டத் தம்பி ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். அவற்றில் இரண்டு எனக்கு என்றும் சொல்லியிருந்தான். அது பொதுச் சொத்து என்று தெருவில் சிலர் பேசி வந்தார்கள். இரண்டு தரப்பிலும் கட்டடத்துக்கென்று காகிதம் எதுவும் இல்லை. எங்கள் பாட்டனார் இத்ரீஸ் ராவுத்தர் 1929இல் இந்த முடுக்கில் காலி மனை வாங்கிய பத்திரம் மட்டும் தம்பியிடம் இருக்கிறது.

03.08.2003 ஞாயிற்றுக்கிழமை காலை பூமாரி டவுன் பஸ்ஸில் வந்து என் கதவைத் தட்டினாள். முதலாமாண்டு மாணவர்கள் ஆளுக்கு ஒரு பழைய உள்ளூர்க் கட்டடத்தை ஆராய்ந்து எழுத வேண்டும், இருபது மார்க் என்றாள். மற்றவர்கள் கோயிலையும் பள்ளிவாசலையும் எடுத்துக்கொண்டார்களாம். “இத ஏன் ஆத்தா எடுத்த? சாக்குப் போடுற இடம்” என்றேன். “சாக்குப் போடுற இடத்துக்கு எதுக்குக்கா எட்டுத் தூணுலயும் பூ செதுக்கணும்?” என்று கேட்டாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற தூண்கள். அன்றைக்குத்தான் கிட்ட போய்த் தடவிப் பார்த்தேன். பூ இருந்தது.

அதன் பிறகு சாவி கொடுத்தேன். தையல்காரர் டேப் ஒன்றை வைத்துக்கொண்டு அறையை அளந்தாள். நிலைக்கு மேலே கல்லில் 1342 என்ற எண் தெரியும். அதற்குக் கீழே வருடாவருடம் அடித்த சுண்ணாம்பு தடிப்பாக ஏறியிருந்தது. அந்த எண்ணை நான் நகராட்சியின் பழைய கதவு எண் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடம் வரலாறு படித்து எத்தனையோ ராஜாக்களின் ஆண்டுகளை ஒப்பித்தவள் நான். அந்த வாசலில் ஒரு தடவை தலை நிமிர்ந்து நின்று இது எந்த வருடம் என்று என்னை நானே கேட்டதில்லை. இது விசாரணைக்குத் தேவையா என்று ஏட்டய்யா கேட்டார். தேவை என்று சொன்னேன்.

அதன் பிறகு அந்த எண்ணை நிலவரிக் கணக்கில் எழுதும் பசலி ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, அதோடு 590 கூட்டி, கட்டடம் 1932இல் கட்டப்பட்டது என்று அவள் எழுதிக் கல்லூரியில் கொடுத்தாள். அவள் அப்பாவின் துண்டு நிலத்துக்கான அடங்கலிலும் வரி கட்டிய கிஸ்து ரசீதிலும் இப்படி நாலு இலக்கத்தில் இருப்பது பசலிதான். அவளுக்கு வேறு ஆண்டு தெரியாது. இருபதுக்குப் பதினேழு மார்க் வாங்கினாள். அதன் நகலை வாங்கிப் பார்த்த தம்பி மிகவும் சந்தோசப்பட்டான். 1929இல் காலி மனை, 1932இல் கட்டடம் என்றால் கட்டியது பாட்டனார்தான் என்று ஆகிவிடுகிறது. “கெட்டிக்காரப் புள்ளக்கா. காலேசுக்காரவுகளே எழுதிக் குடுத்துட்டாக, இனி எவன் பேசுவான்?” என்று என்னிடம் சொன்னான். இது நடந்தது ஆவணி மாதம்.

அதன் பிறகு 07.09.2003 ஞாயிறு அன்று எனக்கும் ஒரு நகல் கொடுக்க பூமாரி வீட்டுக்கு வந்தாள். டீ கொடுத்தேன். தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படிச் சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் ஹிஜிரி 1424 என்று போட்டிருந்தது. “அக்கா, இப்ப பசலி ஆயிரத்து நானூத்திப் பதிமூணுல்ல? இது என்ன பதினொண்ணு கூட இருக்கு?” என்றாள். அது எங்கள் ஆண்டு, பிறைக் கணக்கு, வருடத்துக்குப் பதினோரு நாள் குறையும் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. அவள் நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். 1342 என்பது ஹிஜிரி என்றால் கட்டடம் 1923 அல்லது 24இல் எழும்பியது. 1929இல் காலியாகக் கிடந்த மனையில் 1924இல் கட்டடம் நின்றிருக்க முடியாது. ஆகவே பாட்டனார் வாங்கிய மனை வேறு, இந்த இடம் வேறு. டீ ஆறிப்போயிற்று. அவள் குடிக்கவில்லை.

என் இரண்டு கடைகள் அப்போது என் நினைவுக்கு வந்தன. வரவில்லை என்று சொன்னால் பொய்.

அதன் பிறகு 13.09.2003 சனிக்கிழமை மாலை அவள் தம்பியின் கடைக்குத் தானே போய்த் தவறைச் சொல்லியிருக்கிறாள். முதலில் எழுதியது அப்படியே இருக்கட்டும் என்று தம்பி சொன்னானாம். அன்று அவள் நேராக என்னிடம் வந்தாள். ஹிஜிரியா பசலியா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சுண்ணாம்புக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். திருத்தி எழுதினால் மார்க் குறையும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். “கொறையட்டும்க்கா. தப்பா ஒண்ணு எழுதி அதுக்குப் பதினேழு வாங்குனது பஸ்ஸுல வரும்போதெல்லாம் உறுத்துது” என்றாள். மறுநாள் காலை வரச் சொன்னேன். வரச் சொன்னது நான்.

14.09.2003 ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நான்தான் என் சாவியால் பூட்டைத் திறந்தேன். துருப்பிடித்த பூட்டு, தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகினேன். திறந்தது, ஆனால் திரும்பப் பூட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் கதவைக் கயிற்றால் கட்டி வைத்தேன். யாரும் உடைக்கவில்லை.

அதன் பிறகு சுண்ணாம்பை எடுக்க நான் அரிவாள்மனையைக் கொண்டுவந்தேன். பூமாரி என் கையைப் பிடித்துத் தடுத்தாள். “சொரண்டாதீகக்கா, எழுத்து போயிரும். எங்க சாரு இரும்பே படக் கூடாதுன்னாக” என்றாள். உளி என்று மனுவில் எழுதியிருக்கிறது. ஒரு அரிவாள்மனையைக்கூட அந்தக் கல்லில் பட விடாத பிள்ளை அவள். அதன் பிறகு நான் பித்தளை அண்டா துலக்குவதற்கு ஊற வைத்திருந்த புளியை எடுத்து வந்து, முக்காலியில் ஏறி, தேங்காய் நாரால் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். சுண்ணாம்பு நுரைத்து வழிந்தது. சுவரிலும் படியிலும் இருக்கிற பழுப்புக் கறை அதுதான். புளிக் கறை. ஏட்டய்யா வந்து மோந்து பார்க்கலாம்.

ஒரு மணி நேரத்தில் எண்ணுக்குக் கீழே மூன்று வரிகள் தெரிந்தன. அரபு எழுத்து. பூமாரியின் முகம் விழுந்துவிட்டது. “இது எனக்கு வராதேக்கா” என்றாள். நான் வாசிக்கிறேன், ஆனால் எனக்கு அர்த்தம் தெரியாது என்று சொல்லிவிட்டு, ஓதுகிற இழுப்பிலேயே வாசித்தேன். ஏழு வயதிலிருந்து அந்த எழுத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் பழக்கம். வாய் சொல்லும், அர்த்தம் வேறு யாரிடமோ இருக்கும். ஓர் எழுத்துக்கு அடியில் நான் பார்த்திராத ஒரு புள்ளி இருந்தது. ‘ஃபெண்டு’ என்று வாசித்தேன்.

“நில்லுங்கக்கா. இப்ப என்ன சொன்னீக?”

“ஃபெண்டு. ஃபெண்டுகள்.”

“அக்கா, அது பெண்டுக! நீங்க தமிழுல்ல வாசிக்கிறீக!”

தமிழை அரபு எழுத்தில் எழுதும் வழக்கம் முன்பு இருந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அரபில் ‘ப’ கிடையாது, அடியில் இருந்த அந்தப் புள்ளிதான் ‘ஃப’வைப் ‘ப’ ஆக்குகிறது. அதன் பிறகு நான் ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன், அவள் கேட்டு எழுதினாள். எனக்கு எழுத்து தெரிந்தது, அவளுக்குச் சொல் கேட்டது. அங்கே எழுதியிருப்பது இது: “ஹிஜிரி 1342 ரஜபு 12. பெண்டுகள் ஓதவும் எழுதவும் உதுமான் ராவுத்தர் மகள் சையது பாத்துமா கட்டிய தைக்கா. இது விற்க வாங்க உள்ளதல்ல. ஓதுகிற பெண்டுகளே இதற்கு வாரிசு.” கட்டிய என்பதற்கு முன்னால் ஒரு சொல் கரைந்துபோயிருக்கிறது. கைப்பொருளால் என்று இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. நோட்டில் அந்த இடத்தில் புள்ளிகள் மட்டும் வைத்தாள். “தெரியாதத தெரியாதுன்னே போட்டுருவோம்க்கா, ஒரு தடவ பட்டது போதும்” என்றாள். அந்த நோட்டு விசாரணைக்கு வாங்கப்பட்டு ஏட்டய்யாவிடம்தான் இருக்கிறது. புள்ளிகளைப் பார்க்கலாம்.

தைக்கா என்றால் எங்களில் ஓதவும் தொழவும் கூடுகிற இடம். சையது பாத்துமா யார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெயரை என் வீட்டில் யார் சொல்லியும் கேட்டதில்லை. அன்று நான் முக்காலியிலிருந்து உடனே இறங்கவில்லை. கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தேன்.

அதன் பிறகு பதினோரு மணி அளவில் தம்பி ஒரு கொத்தனாருடன் வந்தான். “ஏ புள்ள, எவ வீட்டுச் சொவர எவ கழுவுறது?” என்று சத்தம் போட்டான். எதிர் வீட்டு சொர்ணலதா வெளியே வந்து பார்த்தார், அவரையும் விசாரிக்கலாம். பூமாரி கல்லில் இருந்த ஆண்டைச் சொல்ல, தம்பி, “போன மாசம் முப்பத்திரண்டுன்ன, இன்னைக்கு இருபத்திநாலுங்கிற, அடுத்த மாசம் அசோகர் கட்டுனாருன்னு எழுதுவியா?” என்றான். கொத்தனார் சிரித்தார். முதலில் எழுதியதை அப்படியே விட்டுவிட்டுப் பேசாமல் போகாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பேன், அப்புறம் காலேஜ் பக்கம் தலை வைக்க முடியாது என்றும் சொன்னான். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள் என்பது தம்பிக்குத் தெரியும்.

அவள் நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். “தப்பா எழுதுனது நான்தாண்ணே. திருத்த வேண்டியதும் நான்தான. நீங்க எழுதிக் குடுத்துக்கங்க” என்று சொன்னாள். குரல் உயரவில்லை. என் தம்பிக்கு முன்னால் இப்படி நின்று பேசியவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை, நான் உட்பட. அதன் பிறகு நான் குறுக்கே போய், “தம்பி, தொறந்தது நானு, தேய்ச்சது நானு, வாசிச்சதும் நானு. எழுதிக் குடுக்கணும்னா எம் பேரப் போட்டுக் குடு” என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான். மறுநாள் கொடுத்த மனுவில் என் பெயர் இல்லை. அக்காளை மனுவில் இழுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் என் இடத்தில் ஒரு கல்லூரிப் பிள்ளையின் பெயரை எழுதியது சரியல்ல.

கேட்டதற்குச் சொல்கிறேன்: தம்பி மீது எனக்கு விரோதம் இல்லை. கட்டடம் யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் முடிவு செய்யட்டும். எனக்கென்று சொன்ன இரண்டு கடைகள் எனக்கு வேண்டாம். பூமாரி மீது எந்தக் குற்றமும் இல்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது புளி கரைத்த என்னைச் சேரும்.

எழுதியதை ஏட்டய்யா உரக்க வாசித்துக் காட்டினார். யாரும் தூண்டாமல், நல்ல நினைவோடு நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லைத் தவிர. முதலிலிருந்து கிட்டங்கி, கிட்டங்கி என்றே எழுதியிருக்கிறது. அதை மாற்றச் சொன்னேன். “மனுவுல கிட்டங்கின்னுதானம்மா இருக்கு, நீங்களும் அப்படித்தான சொன்னீக?” என்றார். நாற்பத்துநாலு வருடமாக அப்படித்தான் சொல்லி வந்தேன், கல்லில் அப்படி இல்லை என்றேன். சற்று யோசித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

திருத்தம் ஒன்று: மேலே கிட்டங்கி என்று நான் கட்டடத்தைக் குறித்த இடங்களிலெல்லாம் தைக்கா என்று படிக்கவும்.

இத்திருத்தம் என் சம்மதத்தோடு செய்யப்பட்டது.

(ஒப்பம்) கா. ஹுஸ்னா, பி.ஏ.

என் முன்னிலையில்,
(ஒப்பம்) ஞானசிகாமணி, தலைமைக் காவலர்